அவுரோவாவில் நிலம் இருக்கிறது, சனம் இல்லை

பிரேக்பொயின்ட் கேமில் வீதியோரங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். சென்டினல் என்ற எதிரிப் படையின் ஆட்கள் இரண்டு மூன்று பேர் துப்பாக்கியோடு நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் பொதுமகன் ஒருவர் முழந்தாளிட்டிருப்பார். நாம் புதருக்குள் படுத்துக் குறிபார்த்துப் படையாட்களை வீழ்த்திவிட்டு அவரிடம் போனால், நன்றி சொல்லி ஒரு தகவலைத் தருவார். அத்தோடு அவருடைய வேலை முடிந்தது. எங்கிருந்து வந்தார், வீட்டில் யார் வழிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கும் இதே வீதியால் எப்படிப் போய்வரப்போகிறார் என்ற எதுவும் கேமுக்குத் தெரியாது.

சோதனைச்சாவடிகளோடு வளர்ந்த ஊரிலிருந்து இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரம் ஐந்து கிலோமீற்றர் அளவுதான். யுத்த காலத்தில் அந்தச் சின்னத் தூரத்தைக் கடக்க பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையில் நடந்து, மறுபக்கம் போய்த் திரும்ப ஏறிய ஆக்கள் இன்னும் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். சாவடியில் துப்பாக்கி வெடிப்பது அருமை. மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு, கேள்வி, பையைக் கொட்டிக் காட்டுவது, பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிப்பது. அந்தக் காத்திருப்பைத்தான் எந்தச் சுடும் கேமும் இன்னும் தொடவில்லை. இந்த வகைக் கேம்களைத் திருத்துவதற்கு என்னிடம் இருக்கும் யோசனைகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் கேமைப் பற்றி. டொம் கிளான்சியின் கோஸ்ட் ரீகொன் பிரேக்பொயின்ட் 2019 ஒக்டோபர் 4 இல் வெளிவந்தது. செய்தது யூபிசொஃப்ட் பாரிஸ். இதற்கு முந்தையது 2017 மார்ச் 7 இல் வந்த வைல்ட்லாண்ட்ஸ். இரண்டுமே திறந்த உலகத் தந்திரோபாயச் சுடும் கேம்கள். பெரிய நிலப்பரப்பொன்றைத் தந்துவிட்டு, எந்தப் பக்கத்தால் நுழைவது, பகலிலா இரவிலா, சத்தமில்லாமலா சண்டை பிடித்தா என்ற தீர்மானத்தை ஆடுபவர் கையில் விட்டுவிடும் வகை. பிரேக்பொயின்ட்டுக்கு இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று 2022 ஏப்ரலில் அறிவித்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்குக் கையில் கிடைப்பது முடிந்த கேம். முழுதாக எடைபோடலாம்.

கதை நடக்கும் இடம் அவுரோவா என்ற கற்பனைத் தீவு, பசிபிக் கடலில். ஸ்கெல் டெக்னொலொஜி என்ற ட்ரோன் கம்பனி அங்கே தன் கனவு நகரத்தைக் கட்டியிருக்கிறது. கோல் வோக்கர் என்ற, கோஸ்ட் விசேட படைப்பிரிவின் பழைய வீரனும் அவனுடைய ஓநாய்ப் படையும் தீவைப் பிடித்துக்கொள்கிறார்கள். வோக்கராக வருபவர் நடிகர் ஜோன் பெர்ந்தல். ஹெலிகொப்டர் விழுந்து காயத்தோடு எழும்பும் நோமாட் நாம்தான்.

இந்தக் கேமில் மெச்சவேண்டிய முதல் விடயம் உடம்பு. மலைச்சரிவில் கண்மண் தெரியாமல் ஓடினால் நோமாட் சறுக்கி உருளுவான். களைத்தால் மூச்சு வாங்கும். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தால் கொஞ்சம் தெம்பு வரும். போத்தல் முடிந்தால் ஆற்றோரம் குனிந்து நிரப்பவேண்டும். பலமான காயம் பட்டால் நொண்டித்தான் நடப்பான், பெரிய துப்பாக்கியைத் தூக்க முடியாது, கைத்துப்பாக்கி மட்டும்தான். மறைவிடத்தில் குந்தியிருந்து காயத்துக்குக் கட்டுப்போட நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். தரையில் படுத்துச் சேற்றையோ மணலையோ உடம்பில் அள்ளிப் பூசிக்கொள்ளும் வசதி அருமையானது. அஸ்ராயில் என்ற வேவு ட்ரோன் தலைக்கு மேலால் வரும்போது அப்படியே நிலத்தோடு நிலமாகக் கிடக்கவேண்டும். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறைக்கு அந்தச் சில விநாடிகள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இந்த உடம்புக்கு ஏற்ற உலகம் கேமில் இல்லை என்பதுதான் என் குறை.

வெளிவந்த நேரம் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. துப்பாக்கி, தொப்பி, கையுறை எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம். கூடிய இலக்கத்தில் ஒன்று கிடைத்ததும் பழையதை எறிந்துவிட வேண்டும். சண்டைக்குப் பழகிய வீரன் ஒருவன் கைப்பழக்கமான துப்பாக்கியை அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றிக்கொண்டிருப்பான் என்று யார் நம்புவது? வைல்ட்லாண்ட்ஸில் கூடவே வந்த மூன்று தோழர்களையும் தூக்கிவிட்டார்கள். எரவோன் என்ற குகை ஒளிவிடத்தில், உலகத்தின் கடைசி நம்பிக்கையாகச் சொல்லப்படும் நம்மைப் போலவே நூறு நோமாட்கள் ஓடித்திரிவார்கள். விற்பனை ஏமாற்றமாக இருந்ததென்று யூபிசொஃப்ட் தலைவர் ஈவ் கியெமோ அதே மாதமே ஒப்புக்கொண்டார். அந்தக் கம்பனி வேறு மூன்று பெரிய கேம்களையும் தள்ளிப்போட்டது.

ஆடுபவர்கள் விடாமல் சொன்னார்கள், கம்பனி கேட்டது. 2020 மார்ச்சில் வந்த 'கோஸ்ட் அனுபவம்' என்ற மாற்றத்துக்குப் பிறகு இலக்க முறையை அடியோடு நிறுத்திவைக்கலாம். ஒரு பெரிய துப்பாக்கிதான் சுமக்கலாம், கட்டுத்துணிக்கு அளவு உண்டு, பாதி சுட்ட தோட்டா மெகசினை மாற்றினால் மிச்சம் வீண் என்றெல்லாம் நாமே கடுமையாக்கிக்கொள்ளலாம். அதே ஆண்டு ஜூலையில் தோழர்களும் திரும்பி வந்தார்கள். 2021 நவம்பரில் தீவைப் பகுதி பகுதியாக மீட்கும் புதிய ஆட்டமுறை ஒன்றையும் சேர்த்தார்கள். வெளிவந்த பிறகும் கேம் திருந்தும் என்பதற்கு இது நல்ல சாட்சி. யோசனை சொல்வது வீண்வேலை இல்லை என்ற துணிவும் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

திருத்தாமல் விட்ட ஒன்று இணைய இணைப்பு. தனியாக ஆடினாலும் லைன் இல்லாமல் பிரேக்பொயின்ட் திறக்காது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இன்வேர்ட்டரோ லெப்டொப் பெட்டரியோ வைத்திருந்தவர்கள் கூட, லைன் செத்துப்போனதால் காசு கொடுத்து வாங்கிய கேமைத் தொடமுடியாமல் இருந்தார்கள். வைல்ட்லாண்ட்ஸைத் தனியாள் லைன் இல்லாமலே ஆடலாம். பெரிய நகரங்களின் தடையில்லாத இணைப்பை மனதில் வைத்துச் செய்யும் தீர்மானங்கள் எங்களைப் போன்ற ஊர்களில் எப்படி விழுகின்றன என்பதைத் தயாரிப்பாளர்கள் யோசிக்கவேண்டும். தனியாள் ஆட்டத்துக்கு இணைப்புக் கட்டாயமில்லை என்ற ஒரே திருத்தம், இந்தக் கேமை எத்தனையோ நாடுகளில் இன்னும் பல வருடம் உயிரோடு வைத்திருக்கும்.

இனி சனத்தைப் பற்றி.

அவுரோவாவில் குடியேறிகள் என்றும் ஒதுக்கப்பட்டோர் என்றும் இரண்டு வகை மக்கள் இருக்கிறார்கள். கதைக் காட்சிகளில் அவர்களுடைய தலைவர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் திறந்த உலகத்துக்குள் வந்தால் வீடுகளைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், இரண்டு பேர் நடப்பார்கள். என் மருமகன் பக்கத்தில் இருந்து ஆடிக்கொண்டிருந்தவன் ஒரு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்த ஊர்ல ஆருமே சோறாக்குறல்லயா?" சரியான கேள்வி. அடுப்பில்லை, கடையில்லை, பள்ளிக்கூடம் விடும் நேரமில்லை, இரவில் வெளிச்சம் அணையும் ஒழுங்கில்லை. காத்தான்குடி போல நெருக்கமான ஊரில், ஒரு வீட்டுக் கூரையிலிருந்து அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவலாம் என்ற அளவுக்கு வீடுகள் நெருங்கிய ஒழுங்கைகளில், அன்னிய ஆள் ஒருவர் நுழைந்தால் மூன்றாவது வீட்டைத் தாண்டுமுன் ஊருக்கே செய்தி போய்விடும். தந்திரோபாயம் என்று பேசும் கேம், மறைந்து நடப்பதற்கு மிகப்பெரிய தடை ஊராரின் கண் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடலாமா?

என் முதல் யோசனை இதுதான்: ஊருக்கு நினைவு வேண்டும்.

பிரேக்பொயின்ட்டில் ஒரு முகாமைத் தாக்கி எல்லோரையும் வீழ்த்திவிட்டு வேறிடம் போய்த் திரும்பி வந்தால், முகாம் பழையபடி நிறைந்திருக்கும். பக்கத்துக் கிராமம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்வார்கள். காலையில் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்துவார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவரின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். அந்தத் தலை அசைந்தால் நடந்தவர் ட்ரக்கில் ஏறுவார். முஸ்லிம் ஊர்களில் வேறு விதமான பயம். இரவு எந்தப் பக்கத்தால் யார் வருவார்கள் என்று விழித்திருந்த காவல், ஊர்காவல் படையில் துவக்குத் தூக்கிய வாலிபர்கள், மஃரிபோடு வெறிச்சோடிய தெருக்கள். இரண்டு வகைப் பயத்தையும் அறிந்தவர்கள் ஒரே வாவிக்கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள்.

இதைக் கேமாக்குவது எப்படி? ஒவ்வொரு ஊருக்கும் அரிசி எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பயம் இருக்கிறது, யாரை நம்புகிறது என்ற கணக்கைக் கேம் உள்ளுக்குள் வைத்திருக்கட்டும். ஊருக்குப் பக்கத்தில் ஒரு காவலரணைத் தாக்கினால் மறுநாள் படை அந்த ஊருக்கு வரட்டும். அப்போது ஆடுபவர் முன்னாலேயே யோசிக்கவேண்டியிருக்கும். பழி ஊரில் விழாதபடி தூரத்து வீதியில் வாகனத்தொடரை மறிப்பதா? தடயத்தை வேறு திசைக்குக் கொண்டுபோய் விடுவதா? முதல்நாளே சொல்லி ஊரை வெளியேற்றினால் அந்த வெளியேற்றமே எதிரிக்குச் சைகையாகாதா? ஒரு வீட்டில் காயத்தோடு படுத்து எழும்பினால் அந்த வீட்டுக்கு என்ன நடக்கும்? இவை எல்லாம் தந்திரோபாயக் கேள்விகள்தான். பிரேக்பொயின்ட்டில் துப்பாக்கியின் குழல், பிடி, குறிக்கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் மாற்ற முடியும். அதில் பாதி உழைப்பை ஒரு கிராமத்துக்குக் கொடுத்திருந்தால் இந்த வகைக் கேமின் தலைவிதியே மாறியிருக்கும்.

எதிரிக்கும் நினைவு வேண்டும். இது முடியாத காரியமில்லை, 2015 இலேயே மெட்டல் கியர் சொலிட் 5 செய்து காட்டியிருக்கிறது. அதில் தொடர்ந்து தலையில் சுட்டால் படையாட்கள் இரும்புத்தொப்பி போடத் தொடங்குவார்கள். தொடர்ந்து இரவில் தாக்கினால் இருட்டில் பார்க்கும் கருவியோடு வருவார்கள். அந்தத் தொப்பி வரும் களஞ்சியத்தை நம் ஆட்களை அனுப்பி அழித்தால் கொஞ்ச நாளைக்குத் தொப்பி குறையும். பிரேக்பொயின்ட்டின் சென்டினல் படைக்கு இந்த அறிவில்லை. முதல்நாள் எப்படி ஏமாந்தார்களோ கடைசிநாளும் அப்படியே ஏமாறுகிறார்கள். சோறு, எண்ணெய், தோட்டா, சம்பளம் எல்லாம் ஏதோ ஒரு வீதியால் வந்தாகவேண்டும் என்ற கணக்கைச் சேர்த்தால், வீதியையும் துறையையும் கைப்பற்றுவது சும்மா ஒரு பணியாக இல்லாமல் பொருளுள்ளதாகும்.

துறை என்றதும் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மண் திட்டில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இது சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. தண்ணீருக்கு அப்பால் வயலும் காடுமாக விரியும் படுவான்கரை. யுத்தத்தில் நீண்ட காலம் இந்தக் கரை அரசாங்கத்தின் கையிலும் அந்தக் கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தன. நடுவில் தண்ணீர். கடப்பதற்குச் சில துறைகளும் சாவடிகளும் மட்டும். பெட்டரியும் எண்ணெயும் சீமெந்தும் அளந்துதான் போகும். இந்தக் கரையில் வீடும் அந்தக் கரையில் வயலும் வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ போகம் தங்கள் காணியை மிதிக்கமுடியாமல் இருந்தன. மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014 இல்தான்.

திறந்த உலகக் கேம் ஒன்றை வடிவமைப்பவர் இந்த நிலத்தை ஒருநாள் நின்று பார்த்தால் போதும். அவுரோவாவில் சதுப்பும் உண்டு, ஆறும் உண்டு, பனிமலையும் உண்டு. ஆனால் தண்ணீர் அங்கே நீந்தியோ படகிலோ கடக்கும் பரப்பு மட்டும். எங்கள் வாவியில் தண்ணீர்தான் எல்லை, தண்ணீர்தான் சந்தைக்கு வழி, தண்ணீர்தான் சோறு. இரவில் தோணியில் வீச்சுவலையோடு நிற்பவர் மீன்பிடிப்பவராகவும் இருக்கலாம், செய்தி கொண்டுபோகிறவராகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். அவரைச் சுடும் முன் யோசிக்கவைக்கும் கேம்தான் எனக்கு வேண்டும்.

பருவமும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மாரி பிடித்தால் வாவி ஏறும், வயலும் வீதியும் தண்ணீருக்குள் போகும், முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடவேண்டியிருக்கும். சித்திரைக்குப் பிறகு வாவியோரம் வற்றிச் சேறு வெடிக்கும். கோடையில் நடந்து கடந்த இடத்தை மாரியில் தோணியில்லாமல் கடக்க முடியாது. பிரேக்பொயின்ட்டில் மழை பெய்யும், மூடுபனி இறங்கும், பார்க்க அழகாக இருக்கும். நிலம் மாறாது. ஒரே வரைபடம் இரண்டு பருவத்தில் இரண்டு விதமான போர்க்களமானால், புதிய வரைபடம் விற்காமலே கேமுக்கு இரட்டை ஆயுள்.

சத்தத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அடையாளக் குறிகளையெல்லாம் அணைத்துவிட்டு ஆடும் முறை பிரேக்பொயின்ட்டில் இருக்கிறது. இன்ன ஆற்றுக்குத் தெற்கே, இன்ன மலைக்குக் கிழக்கே என்ற குறிப்பை வைத்துத் தேடவேண்டும். நல்ல முறை, இந்தக் கேமை ஆடுபவர்கள் அதையே தெரிவுசெய்யவேண்டும். ஆனால் கண்ணை நம்பி மட்டும்தான் தேட முடிகிறது. கரண்ட் இல்லாத இரவுகளில் நாங்கள் காதால்தான் ஊரை அறிந்தோம். நாய் குரைப்பு எந்த ஒழுங்கையிலிருந்து எந்த ஒழுங்கைக்கு நகருகிறது என்பதை வைத்து ஆள் நடமாட்டத்தைச் சொல்லும் மூத்தம்மாக்கள் இருந்தார்கள். எந்தப் பள்ளிவாசல் பாங்கு முதலில் கேட்கிறது, எது பிந்திக் கேட்கிறது என்பதை வைத்து இருட்டில் நிற்கும் இடத்தை அறியலாம். வாவியில் இயந்திரத் தோணியின் சத்தம் தண்ணீரில் வெகுதூரம் வரும். இவற்றை வைத்துத் திசையறியும் கேம் வந்தால் அதற்குப் பக்கத்தில் இன்றைய சின்ன வரைபடமும் அம்புக்குறியும் நிற்காது.

இன்னொரு விடயம், சொல்லாமல் விடமுடியாதது. இந்தக் கேம்களில் சுவரில் பட்ட குண்டின் அடையாளம் சற்று நேரத்தில் அழிந்துவிடும். விழுந்த உடல்களும் அழிந்துவிடும். கணினியின் சுமையைக் குறைப்பதற்கான ஏற்பாடு, காரணம் விளங்குகிறது. எங்கள் ஊரில் 1990 ஆகஸ்ட் 3 இரவு மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். சன்னம் துளைத்த சுவரை ஊர் பூசி மறைக்கவில்லை. அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டு தொழும் ஊரிலிருந்து கேட்கிறேன்: ஒவ்வொரு குண்டையும் நினைவில் வைக்கச் சொல்லவில்லை. கேமின் முக்கியமான சில இடங்களில், ஒரு பாடசாலைச் சுவரில், ஒரு பாலத்தில், நாம் நடத்திய சண்டையின் அடையாளம் கேம் முடியும்வரை நிற்கட்டும். அந்த வழியால் திரும்பப் போகும்போது ஆடுபவர் அதைக் காணட்டும்.

இதற்காக எங்கள் யுத்தத்தைப் பெயர் சொல்லிக் கேமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வைல்ட்லாண்ட்ஸ் பொலிவியாவைப் போதைப்பொருள் கும்பல் ஆளும் நாடாகக் காட்டியதால் அந்த நாட்டு அரசாங்கம் பிரெஞ்சுத் தூதரகத்தில் முறையிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு காத்தான்குடி என்ற பெயரை மட்டும் வைத்து இந்த ஊராரை எடைபோட்ட பார்வைகளை அனுபவித்தவர்களுக்கு அது நன்றாக விளங்கும். கற்பனைத் தீவே போதும். அந்தத் தீவில் மனிதர்கள் வாழட்டும்.

ஆர்மா 3, நான் கேட்பதற்கு மிக அருகில் வந்த கேம். செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் 2013 இல் வெளியிட்டது. அதற்கு 2017 செப்டெம்பரில் 'யுத்தத்தின் சட்டங்கள்' என்ற சேர்க்கை வந்தது. அதில் நாம் சிப்பாய் இல்லை. மனிதாபிமான நிறுவனமொன்றின் வெடிபொருள் நிபுணர். ஒரேயோகாஸ்ட்ரோ என்ற ஒரே ஒரு மலைக்கிராமம். யுத்தம் முடிந்துவிட்டது. கண்ணிவெடிகளையும் வெடிக்காத கொத்துக்குண்டுகளையும் அகற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறோம். தொலைபேசியில் ஒரு பத்திரிகையாளர் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு மூலையிலும் கதை பின்னால் போய், அந்த இடத்தில் யார் எந்தத் தீர்மானத்தை எடுத்தார்கள், எந்தப் பக்கம் எதை விதைத்துவிட்டுப் போனது என்று காட்டுகிறது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து செய்த வேலை இது. 2017 ஆம் ஆண்டு விற்பனையில் கிடைத்த நிகர வருமானத்தில் பாதியை அந்தச் சங்கத்துக்கே கொடுத்தார்கள். முதல்தரம் அந்தக் கிராமத்தின் தேவாலயத்தைத் தாண்டி நடந்தபோது காலை எங்கே வைப்பது என்று நிலத்தையே பார்த்துக்கொண்டு போனேன். சுடும் கேமில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

அதே 2017 இன் ஜூன் மாதத்தில்தான் மட்டக்களப்பு, கண்ணிவெடி அகற்றி முடிந்த முதல் மாவட்டமாக இலங்கையில் அறிவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து எட்டு வருடம் சென்ற பிறகு. படுவான்கரை வயல்களில் குச்சி நட்டு, நாடா கட்டி, முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய ஆண்களும் பெண்களும் இந்த மாவட்டத்துக்குச் செய்தது துப்பாக்கி தூக்கிய எவரும் செய்யாத வேலை. திறந்த உலகச் சுடும் கேம் எல்லாமே வில்லன் செத்ததும் முடிகின்றன. வோக்கர் செத்த பிறகு அவுரோவாவில் என்ன நடந்தது? அந்த ட்ரோன்களை யார் அப்புறப்படுத்தினார்கள்? ஓடிப்போன சனம் எப்போது திரும்பியது? கடைசியில் ஒரு பருவம், சண்டையில்லாத ஒரு பருவம் வேண்டும். நாம் வைத்த கண்ணிகளை நாமே எடுக்கவேண்டும். வைத்த இடம் நினைவில்லையென்றால் தேடவேண்டும். அலுப்பான வேலை என்று சொல்வார்கள். மீன்பிடிப்பதையும் லொறி ஓட்டுவதையும் மணிக்கணக்கில் ஆடும் உலகத்தில் இது மட்டும் எப்படி அலுக்கும்?

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. இந்தக் கேம்கள் ஒன்றிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. ஊர்ப் பொடியன்கள் பாதியை ஊகித்துத்தான் கதையைப் பிடிக்கிறார்கள். கனடாவில் தமிழர் செய்த வெண்பா 2023 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுகக் கேமாகத் தெரிவானது. சமையலையும் புலம்பெயர்ந்த குடும்பத்தையும் பற்றிய சின்னக் கேம். தமிழ் எழுத்து திரையில் அழகாக நிற்கும் என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 960 அளவுக் கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் பிரேக்பொயின்ட் குறைந்த அமைப்பில் ஓடும். விலைக்கழிவு வரும்போது வாங்குங்கள். தொடங்கும் முன்பே இலக்க முறையை நிறுத்தி, குறிகளை அணைத்து, ஒரே துப்பாக்கி, அளவான கட்டுத்துணி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது காட்டுக்குள் தனியாகத் திரியும் அனுபவத்துக்கு இதற்கு ஈடு குறைவு. லைன் அடிக்கடி அறுந்துபோகும் வீட்டில் இருப்பவர்கள் வைல்ட்லாண்ட்ஸை எடுங்கள். ஒரு கேம்தான் வாங்கக் காசிருக்கிறது என்றால் ஆர்மா 3 உம் அந்தச் சேர்க்கையும் என்பது என் தீர்ப்பு.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்மா 3 வைத்திருப்பவர்களுக்கு நிலப்பரப்பு உருவாக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரில்லாத ஒரு வாவியை வரையுங்கள், இரண்டு கரைகளோடு, மாரியும் கோடையுமாக. வரையத் தொடங்கும் முன் இரண்டு கரையிலும் உள்ள பெரியவர்களிடம் போய், எந்தத் துறையால் எந்த நேரம் கடந்தீர்கள், சாவடியில் என்ன கேட்டார்கள், எந்தச் சத்தத்துக்குப் பயந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.